மேல்கோவிலும் கீழ்க்கோவிலும்

நம் பங்கின் ஐம்பதாண்டு வரலாறு இம்மலரின் முற்பகுதியில் இடம்பெற்றுள்ளது. அடிக்கல் நாட்டியவர் யார், மணிக்கூண்டுக்குப் பொருளுதவி செய்தவர்கள் யார், முதல் பங்குத்தந்தை சைக்கிளில் வந்து திருப்பலி நிறைவேற்றியது எங்கே என்பதெல்லாம் அதில் உண்டு. ஆகவே விழாக் குழுவினர் என்னிடமும் "வரலாற்றுக் கட்டுரை ஒன்று" கேட்டபோது, கடல்கடந்த நாட்டுப் பங்கு ஒன்றின் வரலாற்றை எழுதித் தருகிறேன் என்றேன். "நம்ம மலருக்கு அது எதுக்கு சார்?" என்று குழுவில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். படித்து முடித்தபின் அவரே விடை சொல்லட்டும்.

அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில், மான்ஹாட்டன் தீவின் தென்பகுதியில் மாட் வீதி என்று ஒரு குறுகிய வீதி உண்டு. இன்று அது சீனர் பேட்டை. இருபுறமும் சீன எழுத்துப் பலகைகள், மீன் கடைகள், தேநீர்க் கடைகள். அவற்றின் நடுவே கருங்கல் சுவரும் சிறு கோபுரமும் கொண்ட ஒரு பழைய கோவில் நிற்கிறது. ஆண்டவரின் உருமாற்றக் கோவில் என்பது அதன் பெயர். ஞாயிறுதோறும் அங்கே ஆங்கிலத்திலும் சீனத்தின் இருவேறு வழக்குகளிலும் திருப்பலி நடைபெறுகிறது. ஆனால் அக்கோவிலைக் கட்டியவர்கள் சீனர் அல்லர், கத்தோலிக்கர்கூட அல்லர். 1801-இல் லூத்தரன் சபையார் கட்டிய அக்கட்டடத்தை 1853-இல் விலைக்கு வாங்கியவர்கள் அயர்லாந்துக்காரர்கள். அவர்களுக்குப் பின் இத்தாலியர் வந்தனர். இத்தாலியருக்குப் பின் சீனர். ஒரே பீடத்தைச் சுற்றி மூன்று இனத்தார் மாறிமாறிக் கூடியிருக்கின்றனர். மாறியபோதெல்லாம் சுமுகமாக மாறினார்களா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அப்பங்கைத் தோற்றுவித்தவரோ இம்மூன்று இனத்திலும் சேராதவர். அருட்தந்தை பெலிக்ஸ் வரேலா கியூபாத் தீவின் ஹவானாவில் 1788-இல் பிறந்தவர். குருமடத்தில் தத்துவப் பேராசிரியராய் இருந்தவரை மக்கள் 1821-இல் ஸ்பெயின் நாட்டு மன்றத்துக்குப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தனர். அடிமைமுறையை ஒழிக்க வேண்டும், கியூபாவுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று அவர் வாதாடினார். 1823-இல் அரசர் மீண்டும் முழு அதிகாரத்தைக் கைப்பற்றியதும் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தப்பியோடிய வரேலா அவ்வாண்டு டிசம்பரில், கடுங்குளிரில், நியூயார்க் துறைமுகத்தில் வந்திறங்கினார். சொந்த மண்ணை அவர் பிறகு பார்க்கவேயில்லை.

ஆங்கிலம் அவருக்குப் பழக்கமில்லை. முயன்று கற்றார். அந்நகரில் அப்போது பெருகிக்கொண்டிருந்த கத்தோலிக்கர் ஏழை அயர்லாந்துக்காரர்கள். ஸ்பானிய மொழி பேசும் கியூபாக்காரர் ஒருவர், ஆங்கிலமும் ஐரிஷும் பேசும் கூலித் தொழிலாளிகளுக்கு மேய்ப்பரானார். 1827-இல் பழைய கோவில் ஒன்றை வாங்கிப் பங்கு தொடங்கினார். வேலைக்குப் போகும் விதவைத் தாய்மாரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளக் காப்பகம் நடத்தினார். 1832-இல் காலரா பரவியபோது நோயாளிகளிடையே இருந்து பணிபுரிந்தார். தம்முடைய மேலங்கியையும், சாப்பாட்டு மேசையின் வெள்ளிக் கரண்டிகளையும்கூட அவர் பிச்சைக்காரர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார் என்று அவருடைய வரலாற்றில் சொல்லப்படுகிறது. (நம் பழைய பங்குத்தந்தை ஒருவரிடமும் இந்தக் குணம் இருந்ததும், சமையற்காரர் தலையில் அடித்துக்கொள்வதும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.) 1853-இல் வரேலா இறந்தார். அதே ஆண்டில்தான் அவருடைய பங்கு மக்கள் மாட் வீதிக் கோவிலுக்குக் குடிபெயர்ந்தனர். 1997-இல் அமெரிக்க அஞ்சல்துறை அவர் உருவத்துடன் தபால்தலை வெளியிட்டது; 2012-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

அயர்லாந்துக்காரர்கள் எப்படி வந்தார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1845-இல் அந்நாட்டில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளின் ஒரே உணவு அதுதான். பஞ்சம் பல ஆண்டுகள் நீடித்தது. அதையடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள் 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். வந்திறங்கிய இடத்தில் அவர்களை எவரும் மாலையிட்டு வரவேற்கவில்லை. பிலடெல்பியா நகரில் கத்தோலிக்கருக்கு எதிராக 1844-இல் எழுந்த கலவரத்தில் கோவில்களைக் கொளுத்தினார்கள். அத்தீ நியூயார்க்குக்கும் பரவும் என்ற நிலை வந்தபோது, ஆயர் ஜான் ஹியூஸ் தம் கோவில்களைச் சுற்றி ஆயுதம் தாங்கிய காவலர்களை நிறுத்தினார். அவரும் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்தாம்.

காவலோடு அவர் நிற்கவில்லை. துறைமுகத்தில் இறங்கும் அப்பாவிகளின் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, தாம் தரகு பெறும் விடுதிக்கு இழுத்துச் செல்லும் கூட்டம் ஒன்று அன்று இருந்தது. பொய்யான ரயில் டிக்கெட் விற்பார்கள். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிக் கையிருப்பைக் கறப்பார்கள். இவர்களிடமிருந்து மக்களைக் காக்க 1841-இல் ஐரிஷ் குடியேறியோர் சங்கம் ஏற்பட்டது. ஊரில் பசியோடிருக்கும் பெற்றோருக்குப் பணம் அனுப்பவும் அது உதவிற்று. சங்கத்தாரே ஆயரின் ஊக்கத்தால் 1850-இல் ஒரு சேமிப்பு வங்கியும் தொடங்கினர். வீட்டு வேலை செய்யும் பெண்களும் மண்வெட்டும் கூலிகளும் வாரந்தோறும் சில்லறை போட்டு வளர்த்த வங்கி அது. தனியே வந்திறங்கும் இளம்பெண்கள் வழி தவறிப் போகாதிருக்க, துறைமுகத்துக்கு எதிரேயே செபமாலை மாதா இல்லம் ஒன்றை 1884-இல் குருக்கள் திறந்தனர். வேலையோ உறவினரோ கிடைக்கும்வரை அங்கே அவர்கள் தங்கலாம்.

இவ்வாறு பாடுபட்டு அயர்லாந்துக்காரர்கள் நிமிர்ந்தார்கள். போலீஸ்காரர்களாயினர், நகரசபை உறுப்பினர்களாயினர், குருக்களும் ஆயர்களுமாயினர். மாட் வீதிக் கோவிலின் மேல்தளத்தில் அவர்களுக்கென்று இருக்கைகள் அமைந்தன.

அதன்பின் இத்தாலியர் வந்தார்கள்.

1880 முதல் 1920 வரை அமெரிக்காவுக்குக் கப்பலேறிய இத்தாலியர் ஏறத்தாழ 40 லட்சம் பேர். பெரும்பாலோர் தென் இத்தாலியின் நிலமற்ற விவசாயிகள். எழுத்தறிவில்லை, ஆங்கிலம் தெரியாது. மாட் வீதியைச் சுற்றியிருந்த நெரிசலான குடியிருப்புகளில் அடைந்தார்கள். கத்தோலிக்கர்கள் ஆதலால் கோவிலுக்கு வந்தார்கள். அங்கே அவர்களுக்குத் தரப்பட்ட இடம் கட்டடத்தின் அடியில் இருந்த கீழ்க்கோவில்.

வேளாங்கண்ணியில் மேல்கோவில், கீழ்க்கோவில் இரண்டும் உண்டு. நாம் இரண்டிலும் ஏறி இறங்கி மன்றாடுகிறோம். இது அப்படியன்று. மேலே அயர்லாந்துக்காரர், கீழே இத்தாலியர் என்பது ஏற்பாடு. ஒரே நேரத்தில் மேலே ஒரு பூசை, கீழே ஒரு பூசை. காரணம் கேட்டால் பலவும் சொன்னார்கள். இத்தாலியர் காணிக்கைத் தட்டில் காசு போடுவதில்லை, உடை சுத்தமில்லை, ஞாயிறு பூசைக்கு ஒழுங்காக வருவதில்லை, திருவிழா என்றால் மட்டும் திரண்டு வருகிறார்கள், மெழுகில் செய்த கையும் காலும் மாதாவுக்கு நேர்ந்துகொள்கிறார்கள், பாண்டு வாத்தியம் முழங்கச் சுரூபத்தைத் தெருவில் தூக்கிச் செல்கிறார்கள். 1888-இல் அமெரிக்கக் கத்தோலிக்க மாத இதழ் ஒன்று, நியூயார்க் இத்தாலியருக்கு வேதத்தின் அரிச்சுவடியும் தெரியவில்லை என்று கட்டுரையே வெளியிட்டது.

இக்குறைகளை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. மெழுகுக் கால் நேர்ந்துகொள்வதும் வெறுங்காலோடு நடந்துபோவதும் சப்பரம் தூக்குவதும் அறியாமை என்றால், தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் அனைவரும் கீழ்க்கோவிலுக்குத்தான் போக வேண்டும்!

இவ்வேற்பாடு ஒரு கோவிலோடு முடியவில்லை. அந்நகரின் வடபகுதியான ஹார்லெமில், 115-ஆம் வீதியில், 1884-இல் எழும்பிய கார்மேல் மாதா கோவிலில் அது இன்னும் கசப்பாயிருந்தது. கட்டட வேலையில் கல் சுமந்தவர்களில் இத்தாலியர் பலர். கோவில் முடிந்தபின் அவர்களுக்குக் கிடைத்ததோ அடித்தளம். அவர்கள் கொண்டாடிய கார்மேல் மாதா சுரூபத்துக்குத் திருத்தந்தையின் இசைவோடு 1904-இல் பொன்முடி சூட்டப்பட்டது.  மாதா முடி பெற்றார். மாதாவின் மக்களோ 1919 வரை கீழேயே பூசை கண்டனர்.

இந்நிலை இத்தாலியில் ஓர் ஆயரின் தூக்கத்தைக் கெடுத்தது. பியாசென்சா மறைமாவட்ட ஆயர் ஜான் பாப்டிஸ்ட் ஸ்கலாபிரினி ஒருநாள் மிலான் ரயில் நிலையத்தில் ஒரு காட்சியைக் கண்டார். கிழிந்த உடையில் கிழவரும் பெண்களும் குழந்தைகளுமாய் நூற்றுக்கணக்கானோர் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தனர். துறைமுகத்துக்குப் போகும் வண்டிக்காகக் காத்திருந்தவர்கள். அக்காட்சியை அவர் 1887-இல் தாம் வெளியிட்ட நூலிலேயே எழுதி வைத்திருக்கிறார். அவ்வாண்டு நவம்பர் 28-இல் குடிபெயர்ந்தோரின் பணிக்கென்றே ஒரு குருக்கள் சபையை நிறுவினார். நியூயார்க்கில் அவர்கள் 1888-இல் புனித சுவக்கீன் கோவிலைத் திறந்தனர். துறைமுகத்தில் புனித ரபேல் சங்கத்தையும் ஏற்படுத்தினர். இளைஞர் தோபியாவுக்கு வழித்துணையாய்ப் போன வானதூதரின் பெயர் அச்சங்கத்துக்கு எவ்வளவு பொருத்தம்! சங்கத்தின் குரு கப்பலடியில் நின்று, முகவரிச் சீட்டைத் தொலைத்தவர்களுக்கு உறவினரைத் தேடிக் கொடுப்பார். கங்காணிகளின் கையில் சிக்காமல் காப்பார். கங்காணி என்ற சொல்லை நான் வேண்டுமென்றே எழுதுகிறேன். ஆளைச் சேர்த்து, முன்பணம் கொடுத்து, கூலியில் பிடித்துக்கொள்ளும் தரகர்கள் இத்தாலியருக்கும் இருந்தார்கள். நம் முன்னோரை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயா ரப்பர் தோட்டங்களுக்கும் அழைத்துச் சென்றவர்களுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு மொழி மட்டுமே. ஆயர் ஸ்கலாபிரினி 1905-இல் மறைந்தார். 2022-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

குருக்கள் போனார்கள். ஆனால் அனாதைக் குழந்தைகளையும் நோயாளிகளையும் பார்ப்பது யார்? இவ்விடத்தில்தான் நம் மண்ணோடு தொடர்புள்ள ஒரு பெண்மணி வருகிறார். லொம்பார்தியா நாட்டுப்புறத்தில் 1850-இல் பிறந்த பிரான்செஸ்கா கப்ரினி, சிறுமியாயிருந்தபோது காகிதக் கப்பல் செய்து, அதில் ஊதாப்பூக்களை வைத்து, இவர்கள் வேதபோதகர்கள் என்று வாய்க்காலில் விட்டு விளையாடுவாராம். ஒருமுறை தவறித் தண்ணீரில் விழுந்து பிழைத்தார். அன்று பிடித்த நீரச்சம் வாழ்நாள் முழுதும் விடவில்லை. துறவியானபோது "சவேரியார்" என்ற பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். ஆம், நம் முத்துக்குளித்துறையில் மணியடித்துச் சிறுவரைக் கூட்டி மந்திரம் சொல்லிக் கொடுத்த அதே புனித சவேரியார்தாம்! அவரைப் போலக் கீழ்த்திசைக்கு, சீன தேசத்துக்கு, வேதம் போதிக்கப் போவதே கப்ரினியின் ஆசை. அனுமதி கேட்டு உரோமைக்குச் சென்றார். கிழக்கே அல்ல, மேற்கே போ என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் பணித்தார்.

1889 மார்ச் 31-இல் ஆறு சகோதரிகளோடு நியூயார்க்கில் இறங்கினார். வாக்களித்திருந்த வீடு அங்கே இல்லை. முதல் இரவு ஏதோ ஒரு மலிவான விடுதியில், படுக்கையில் மூட்டைப்பூச்சி, ஒருவரும் படுக்கவில்லை, விடியுமட்டும் செபித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தனர். மறுநாள் பேராயர் கொரிகன், ஏற்பாடுகள் முறிந்துவிட்டன, வந்த கப்பலிலேயே திரும்பிப் போவது நல்லது என்றார். திருத்தந்தை அனுப்பி வந்தேன், ஆகவே தங்குவேன் என்று அந்த மெலிந்த பெண்மணி பணிவாக, ஆனால் அசையாமல் பதில் கூறினார். சில வாரங்களுக்குள் அனாதைச் சிறுமிகளுக்கு இல்லம் திறந்துவிட்டார். இத்தாலியர் தெருக்களில் கடைகடையாய் ஏறிப் பிச்சையெடுத்தே அதை நடத்தினார். 1892-இல் நியூயார்க்கில் கொலம்பஸ் மருத்துவமனை. பிறகு பள்ளிகள், சிறைச்சாலைச் சந்திப்புகள், சுரங்கத் தொழிலாளரிடம் பயணங்கள். நீருக்கு அஞ்சிய அவர் அட்லாண்டிக் கடலை இருபது தடவைக்கும் மேல் கடந்தார். 1917-இல் சிகாகோவில் இறக்கும்போது அவர் நிறுவிய இல்லங்கள் 67. இடையில் 1909-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தார். 1946-இல் புனிதர் பட்டம் பெற்றபோது அந்நாட்டுக் குடிமக்களில் முதல் புனிதரானார். 1950-இல் குடிபெயர்ந்தோரின் பாதுகாவலியாக அறிவிக்கப்பட்டார்.

கப்ரினி அம்மையார் இத்தாலியருக்கு இத்தாலிய மொழியில் செபம் சொல்லிக் கொடுத்தார். கூடவே ஆங்கிலமும் கற்றுக் கொடுத்தார். ஒன்றை விட்டால்தான் மற்றொன்று என்று அவர் நினைக்கவில்லை. இது சாதாரண விஷயமாக நமக்குத் தோன்றலாம். ஆனால் அந்நாளில் இதுவே திருச்சபையைப் பிளக்கும் அளவுக்குப் பெரிய வழக்காயிருந்தது.

வழக்கு இதுதான். ஜெர்மானியர் பீட்டர் பவுல் காஹென்ஸ்லி, தம் நாட்டினருக்காக 1871-இல் ரபேல் சங்கத்தைத் தொடங்கிய வணிகர். இவரும் இவரைச் சேர்ந்தவர்களும் 1891-இல் திருத்தந்தையிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தனர். அமெரிக்கா சென்ற கத்தோலிக்கரில் பெருந்தொகையினர் தம் மொழியில் குருக்கள் இல்லாமையால் விசுவாசத்தை இழந்துவிட்டனர். ஒவ்வோர் இனத்துக்கும் தனிப் பங்கும், ஆயர்களிடையே அவரவர் இனத்தவரும் வேண்டும் என்பது சாரம். அமெரிக்க ஆயர்கள் கொதித்தெழுந்தார்கள். பேராயர் ஜான் அயர்லாந்து அவர்களில் முதல்வர். கத்தோலிக்கர் அந்நியர், இந்நாட்டுக்கு விசுவாசமற்றவர் என்று எதிரிகள் தூற்றும்போது, இனவாரியாக ஆயர்களை வைத்தால் தூற்றலை நாமே மெய்ப்பிப்பதாகும் என்றனர். கோவில்கள் எரிந்ததைக் கண்ட தலைமுறை அது. அவர்கள் அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. உரோமை இனவாரி ஆயர்களை ஏற்கவில்லை. மொழிவாரிப் பங்குகளைத் தடுக்கவுமில்லை. நடுவழி என்று சொல்லலாம். நான் அதைச் சரி என்றே கருதுகிறேன்.

ஆனால் மனிதர்கள் எப்போதும் நடுவழியில் நடப்பதில்லை. கீழைத் திருவழிபாட்டு முறையைச் சேர்ந்த அலெக்ஸிஸ் தோத் என்ற குரு, மினியாப்பொலிஸ் நகரில் தம் நாட்டவருக்குப் பணிபுரிய வந்து, 1889 டிசம்பரில் பேராயர் அயர்லாந்தைச் சந்தித்தார். அவர்களுடைய முறைப்படி அவர் மணமானவர், மனைவியை இழந்தவர். பேராயர் அவரைக் குருவாக ஏற்க மறுத்துவிட்டார். சினத்தோடு முடிந்த அந்தச் சந்திப்பின் விலை என்ன? 1891-இல் தோத் தம் பங்கு மக்களோடு ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையில் சேர்ந்தார். பின்வந்த ஆண்டுகளில் அவர் வழியே சென்றவர்கள் பல்லாயிரம் பேர். ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசியிருந்தால் என்ற எண்ணம் எழாமலில்லை.

இனி நம் பக்கம் சற்றுத் திரும்புவோம். நியூயார்க்கில் இத்தாலியர் புனித சுவக்கீன் கோவிலைத் திறந்த அதே 1888-இல், சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று லூர்து மாதா கோவில் திறக்கப்பட்டது. அதுவரை நம்மவர் சீனருக்கான கோவிலை அவர்களோடு பகிர்ந்துகொண்டிருந்தனர். பிரெஞ்சு வேதபோதகர்கள் முன்னின்று உதவ, ஓபிர் சாலையில் எழும்பிய அக்கோவிலில் இன்றும் தமிழ்த் திருப்பலி உண்டு. கடல் கடந்து போன கூலிக்கும் குமாஸ்தாவுக்கும் தாய்மொழியில் பாவசங்கீர்த்தனம் செய்ய ஓர் இடம் கிடைத்தது. அங்கே வந்தேறிகள் நாம்தாம்.

அதே காலத்தில் நம் சொந்த ஊர்களில் என்ன நடந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தை, இரு சாதியாரும் ஒருவரையொருவர் பாராமல் பூசை காணும்படி, கால்சட்டையின் இரு கால்களைப்போல இரு கூடங்களாகக் கட்டினார்கள். நடுவே சுவர். 1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்கள் தோற்றார்கள். நியூயார்க்கில் மேலும் கீழுமாகப் பிரித்தார்கள். நாம் வலமும் இடமுமாகப் பிரித்தோம். அவர்களாவது வேற்று மொழி என்று காரணம் சொல்ல முடிந்தது. நமக்கு அதுவும் இல்லை.

மாட் வீதிக்கே மீண்டும் வருவோம். இத்தாலியர் தொகை பெருகப் பெருக, மேல்தளத்து அயர்லாந்துக்காரர் மெல்ல வேறு பேட்டைகளுக்குக் குடிபோயினர். 1902-இல் சலேசிய சபைக் குருக்கள் பொறுப்பேற்றபோது பங்கு இத்தாலியருடையதாகிவிட்டது. முதல் உலகப் போரில் உயிர்நீத்த பங்கு மக்களின் நினைவுப் பலகையைப் பார்த்தால் பெரும்பாலும் இத்தாலியப் பெயர்களே. ஒரு காலத்தில் கீழே நின்றவர்களின் பிள்ளைகள் அவர்கள்.

அதற்குள் அதே வீதியில் சீனர் குடியேறியிருந்தனர். 1882-இல் அமெரிக்கா சட்டமியற்றிச் சீனத் தொழிலாளரின் வருகையைத் தடுத்தது, குடியுரிமையையும் மறுத்தது. அச்சட்டம் 1943-இல்தான் நீக்கப்பட்டது. நீக்கியபின்னும் ஆண்டுக்கு 105 பேருக்கு மட்டுமே இடம். 1965-இல் புதுச் சட்டம் வந்தபிறகே குடும்பம் குடும்பமாக வந்தார்கள். சீனாவில் பணிபுரிந்து பழகிய மேரிநோல் சபைக் குருக்கள் 1949-இல் மாட் வீதிப் பங்கை ஏற்றனர். அவர்களுக்குச் சீனம் தெரியும். அதுவே பாதி வெற்றி. பங்குப் பள்ளியில் சீனப் பிள்ளைகள் நிறைந்தனர். சீனத்தில் திருப்பலி தொடங்கிற்று. 1970-களில் சீன இனத்தவர் ஒருவரே பங்குத்தந்தையானார். கீழ்த்திசைக்குப் போக விரும்பிய கப்ரினி அம்மையாரை மேற்கே அனுப்பினார்கள். அவர் காலடிபட்ட தெருவுக்குச் சீனரே வந்து சேர்ந்தனர்.

ஹார்லெமின் கார்மேல் மாதா கோவிலிலும் இத்தாலியர் இப்போது சிலரே. ஆனால் ஜூலை 16 திருநாளன்று தெரு நிரம்பி வழிகிறது. வருவோரில் பெருந்தொகையினர் ஹெய்ட்டி நாட்டுக் கறுப்பினத்தவர். அவர்களுடைய தாய்நாட்டிலும் அது பெருந்திருநாள். முன்பு இத்தாலியர் வெறுங்காலோடு நடந்த வீதியில் அவர்கள் பாடிக்கொண்டு நடக்கிறார்கள்.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952 ஆகஸ்டு முதல் நாளில் வெளியிட்ட திருமடலில், குடிபெயர்ந்தோருக்கு அவரவர் மொழியறிந்த குருக்களைக் கொண்டு ஞானப்பணி செய்ய ஆயர்கள் வழிசெய்யவேண்டும் என விதித்தார். ஸ்கலாபிரினியும் கப்ரினியும் அரும்பாடுபட்டுக் கேட்டது சட்டமாயிற்று.

தம்பியின் கேள்விக்கு இப்போது வருகிறேன். நம் பங்கைத் தொடங்கிய 42 குடும்பங்களும் இவ்வூரார் அல்லர். மில் வேலைக்கும் பட்டறை வேலைக்கும் நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள். அப்போது நமக்கிருந்த தாய்ப்பங்கில் நம் தெற்கத்திப் பேச்சைக் கேட்டுச் சிரித்ததும், நம் சப்பரத்தைத் தெருவில் விடக்கூடாது என்றதும், இடமில்லையென்று தாழ்வாரத்தில் நிற்கவைத்ததும் என் தகப்பனார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்த கதை. அந்தப் பங்கின் பெயர் வேண்டாம், அவர்களும் மாறிவிட்டார்கள்.

இன்று நம் ஞாயிறு மாலைத் திருப்பலியில் சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி நிற்கும் இளைஞர்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த ஆதிவாசிக் கத்தோலிக்கர்கள். உராவோன், முண்டா, கரியா என்ற இனங்களைச் சேர்ந்தவர்கள். 1885-இல் சோட்டாநாகபுரிக்கு வந்த பெல்ஜிய இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவென்ஸ், நிலத்தைப் பறிகொடுத்த அம்மக்களுக்காக நீதிமன்றங்களில் போராடிய வரலாறு பெரியது. அதற்கு வேறொரு கட்டுரை வேண்டும். அவர்களிலிருந்து தெலெஸ்போர் தொப்போ 2003-இல் கர்தினாலாகவே உயர்ந்தார். இவர்கள் நேற்று வேதத்தில் சேர்ந்தவர்கள் அல்லர். நான்கைந்து தலைமுறைக் கிறிஸ்தவர்கள். தமிழில் நாம் பாடும்போது மெட்டை மட்டும் கூடவே முனகுகிறார்கள். சென்ற கிறிஸ்துமஸ் இரவு, பூசை முடிந்து நாமெல்லாம் கேக் வாங்கிக்கொண்டு கலைந்தபின், மரத்தடியில் தங்கள் மேளத்தை வைத்துக்கொண்டு கைகோத்து ஆடிப் பாடினார்கள். வாட்ச்மேன் விளக்கை அணைக்கவேண்டும் என்றதும் பேசாமல் போய்விட்டார்கள்.

மாதம் ஒரு ஞாயிறு இந்தியில் திருப்பலி வேண்டுமென்று அவர்களில் மூவர் கையெழுத்திட்டுப் பங்குத்தந்தையிடம் மனு கொடுத்திருக்கிறார்கள். பங்குப் பேரவையில் இரு கருத்து இருந்தது. கோவிலில் இந்தியா என்று சிலர் கேட்டார்கள். அவர்கள் உணர்ச்சி எனக்குப் புரிகிறது. 1965-இல் நானும் மாணவனாய்த் தெருவில் நின்றவன். ஆனால் அன்று நம் மீது ஒரு மொழியைத் திணித்தவர்களும், இன்று கம்பிச்சாளையில் பத்துமணி நேரம் நின்றுவிட்டுப் பூசைக்கு வரும் இந்தப் பையன்களும் ஒருவரல்லர். அவர்கள் வீட்டில் பேசுவது இந்தியும் அன்று. வேறு சிலர், மாலைப் பூசை நேரத்தை விட்டுக்கொடுக்க முடியாது, வேண்டுமானால் பழைய மறைக்கல்விக் கொட்டகையில் வைத்துக்கொள்ளட்டும் என்றார்கள்.

கொட்டகைக்கு மின்விசிறி வாங்கித் தருவதாகவும் ஒருவர் முன்வந்தார். பொருள் முடிவாகவில்லை. விழா முடிந்த மறுவாரம், மூன்றாம் ஞாயிறு, காலைத் திருப்பலிக்குப் பின் பேரவை மீண்டும் கூடுகிறது. மனுக் கொடுத்த மூவரையும் அன்று வரச்சொல்லியிருக்கிறார் பங்குத்தந்தை.